சாயங்காலம் நாலு மணிக்குப் பிறகு

(புதுச்சேரியில் நடந்த கூட்டமைப்பின் பொதுக்குழுக் கூட்டத்தில் கல்விக் குழு சார்பாகப் படிக்கப்பட்ட உரை)



பாகூர் பக்கமிருந்தும் திருக்கனூர் பக்கமிருந்தும் காலையிலேயே பஸ் பிடித்து வந்திருக்கிறீர்கள். சேமிப்பு, உள்கடன், வங்கிக்கடன் எல்லாம் பேசி முடித்தாகிவிட்டது. சாப்பாட்டுக்கு முன்னால் எங்களுக்கு அரை மணி நேரம் கொடுத்திருக்கிறார்கள். கல்விக் குழுவில் இருக்கிற நாங்கள் ஐந்து பேரும் சேர்ந்து உட்கார்ந்து எழுதியதைத்தான் இப்போது படிக்கிறோம். இதில் நல்லதும் இருக்கு, எங்கள் தப்பும் இருக்கு.

ஒரு கேள்வி கேட்கிறோம். பள்ளிக்கூட மணி அடித்து நம் பிள்ளை வெளியே வருகிற நேரம் நாலு, நாலரை. நாம் வீடு வந்து சேருகிற நேரம் என்ன? கம்பெனி வேலைக்குப் போகிறவர்கள், ஓட்டலில் பாத்திரம் கழுவுகிறவர்கள், வீட்டு வேலை செய்கிறவர்கள், மீன் விற்கப் போகிறவர்கள், எல்லோருக்கும் ஆறரை, ஏழு ஆகிவிடுகிறது. நடுவில் இருக்கிற அந்த இரண்டரை மணி நேரம் பிள்ளை எங்கே இருக்கு, என்ன செய்யுது?

ஒரு காலத்தில் இந்தப் பாண்டிச்சேரி டவுன் மில் சங்கை வைத்துத்தான் நேரம் பார்த்தது. ஷிப்டு முடிந்து அப்பா வீட்டில் இருப்பார், இல்லாவிட்டால் ஆயா, தாத்தா இருப்பார்கள். இப்போது பெரிய மில்லுகள் மூடிவிட்டன. ஏ.எஃப்.டி. மில்லும் 2020-ல் மூடப்பட்டது. வீட்டுக்கு வருமானம் கொண்டு வருகிறதில் பாதிக்கு மேல் நம் தலையில் விழுந்துவிட்டது. ஆனால் பிள்ளை பார்க்கிற வேலையை யாரும் நம் தலையிலிருந்து இறக்கவில்லை.

பசியைப் பற்றி இந்த ஊர் முன்கூட்டியே யோசித்திருக்கிறது. பிரெஞ்சுக்காரர் ஆண்ட காலத்தில், 1930-லேயே இங்கே பள்ளிப் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு போட ஆரம்பித்தார்கள். பிறகு நம்ம அரசு காலையில் பாலும் ரொட்டியும் கொடுத்தது. காலைக்கு வழி செய்தார்கள், மதியத்துக்கு வழி செய்தார்கள். சாயங்காலம்தான் விட்டுப்போச்சு.

அதனால்தான் சில வருடங்களுக்கு முன்னால் நாம் மாலை நேரப் படிப்பு மையம் ஆரம்பித்தோம். அது எப்படி நடந்தது, ஏன் நின்றது என்று உங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. இன்றைக்கு மறைக்காமல் சொல்லிவிடுகிறோம்.

ஒரு கம்பெனி உதவி செய்வதாக வந்தது. பேர் வேண்டாம். நல்ல மனதோடுதான் வந்தார்கள். பிள்ளைகளுக்குப் பை கொடுத்தார்கள், பெஞ்சு கொடுத்தார்கள், ஒரு கம்ப்யூட்டரும் கொடுத்தார்கள். திறப்பு விழாவுக்குப் பெரிய பேனர் வைத்து, குத்துவிளக்கு ஏற்றி, போட்டோ எடுத்தோம். படிப்பு சொல்லித் தருகிற பெண்ணுக்கு ஒரு வருடம் சம்பளமும் கொடுத்தார்கள். இரண்டாம் வருடம் அவர்களுடைய திட்டம் வேறு ஊருக்குப் போய்விட்டது. பெஞ்சு நம்மிடம் இருந்தது, கம்ப்யூட்டர் இருந்தது, சம்பளம் கொடுக்கப் பணம் இல்லை. "அடுத்த மாசம் வந்துடும்மா" என்று அந்தப் பெண்ணிடம் மூன்று மாதம் சொன்னோம். நாலாவது மாதம் அவள் நேரு வீதியில் ஒரு துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். அவளைக் குறை சொல்ல நமக்கு வாய் கிடையாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கம்பெனிக்கு மாதாமாதம் வருகைப்பதிவு அனுப்ப வேண்டியிருந்தது. நாற்பது பிள்ளைகள் என்று எழுதிக் கொடுத்துத்தான் உதவி வாங்கினோம். அதனால் நாற்பது என்றே எழுதினோம். உண்மையில் வந்தது பதினெட்டு, இருபது. மழைக்காலத்தில் பத்து. நம்ம சங்கத்தில் ஒரு ரூபாய் உள்கடன் கணக்கு இடித்தால் ராத்திரி பன்னிரண்டு வரைக்கும் உட்கார்ந்து சரி பார்க்கிறோம். பிள்ளைகள் கணக்கில் மட்டும் எப்படிப் பொய் எழுதினோம்? அப்படி எழுதியதால் நஷ்டம் கம்பெனிக்கு இல்லை. பாதிப் பிள்ளைகள் ஏன் வரவில்லை என்று கேட்கவே தோன்றாமல் போயிற்று. நஷ்டம் அதுதான்.

மையம் மூடிய மறு வாரம் சேமிப்புக் கூட்டத்தில் ஒரு உறுப்பினர் எழுந்து கேட்டார். அவர் பையன் அப்போது ஐந்தாம் வகுப்பு. மையத்துக்கு வந்தபோது எழுத்துக் கூட்டத் தெரியாது. ஏழெட்டு மாதத்தில் பஸ் போர்டை வாய்விட்டுப் படிக்கிற அளவுக்கு வந்திருந்தான். "பையும் பெஞ்சும் யார் கேட்டா? அந்தப் புள்ளைய மட்டும் புடிச்சு வச்சிருக்கக் கூடாதா?" என்றார். அவருக்கு நாங்கள் அன்றைக்குப் பதில் சொல்லவில்லை. இன்றைய உரை அவருக்குச் சொல்ல வேண்டிய பதில்தான்.

பதில் தேடி நாங்கள் கொஞ்சம் படித்தோம், விசாரித்தோம். நம்ம ஊரிலிருந்து ஈ.சி.ஆர். ரோட்டில் வடக்கே போனால் மரக்காணம். அதன் பக்கத்தில் முதலியார்குப்பம் என்று ஒரு ஊர். 2021 அக்டோபர் 27-ந் தேதி தமிழ்நாடு முதலமைச்சர் ஸ்டாலின் 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தை அங்கேதான் ஆரம்பித்து வைத்தார். கொரோனாவால் ஒன்றரை வருடம் பள்ளிக்கூடம் மூடிக் கிடந்ததே, அதில் பிள்ளைகள் விட்டதைப் பிடிக்க வந்த திட்டம். சாயங்காலம் ஐந்திலிருந்து ஏழுக்குள், ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம். கோயில் மண்டபம், திண்ணை, மரத்தடி, எங்கே இடம் கிடைக்குதோ அங்கே வகுப்பு. இருபது பிள்ளைக்கு ஒரு தன்னார்வலர். ஐந்தாம் வகுப்பு வரைக்கும் சொல்லித் தர பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருந்தால் போதும், ஆறிலிருந்து எட்டு வரைக்கும் டிகிரி வேண்டும். மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. ஏறக்குறைய இரண்டு லட்சம் பேர் சேர்ந்தார்கள். பெரும்பாலும் நம்மைப் போன்ற வீட்டுப் பெண்கள்தான்.

இது பலன் கொடுத்ததா என்று அளந்தும் பார்த்திருக்கிறார்கள். அபிஜித் சிங், மொரீசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் என்ற மூன்று பொருளாதார ஆய்வாளர்கள் தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளை வீடு வீடாகப் போய்ப் பரீட்சை வைத்துப் பார்த்தார்கள். பள்ளி திறந்து ஆறு மாதத்துக்குள், பிள்ளைகள் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்துவிட்டது. அப்படித் திரும்பி வந்ததில் கிட்டத்தட்ட கால் பங்கு இந்தச் சாயங்கால வகுப்பால் வந்தது என்று கணக்கிட்டார்கள். வசதி இல்லாத வீட்டுப் பிள்ளைகள்தான் இதற்கு அதிகமாக வந்தார்கள் என்பதும் தெரிந்தது.

இதில் எங்களுக்கு ஆச்சரியம், செலவு எவ்வளவு குறைச்சல் என்பதுதான். இருபது பிள்ளைக்கு 1,000 ரூபாய் என்றால் ஒரு பிள்ளைக்கு மாதம் 50 ரூபாய். நம்ம உறுப்பினர்களிடம் டியூஷனுக்கு எவ்வளவு கட்டுகிறீர்கள் என்று கேட்டோம். முந்நூறு, நானூறு என்றார்கள். அதற்காகக் கந்துக் கடன் வாங்கியவர்களும் இருக்கிறார்கள்.

அந்தத் திட்டம் தமிழ்நாட்டுக்குத்தான். நம்ம எல்லைக்கு அந்தப் பக்கம் ரோட்டைத் தாண்டினால் வகுப்பு நடந்தது, இந்தப் பக்கம் கிடையாது. புதுச்சேரிக்கும் விழுப்புரத்துக்கும் நடுவில் எல்லை எப்படி வளைந்து வளைந்து போகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஒரே தெருவில் இரண்டு அரசாங்கம். அங்கேயும் அவசரம் தீர்ந்த பிறகு மையங்கள் குறைந்துபோயின. ஆகவே அரசாங்கம் செய்யட்டும் என்று காத்திருக்க முடியாது, அரசாங்கத்தைக் கேட்காமலும் இருக்கக் கூடாது.

இலவசமாகச் சொல்லித் தர ஆள் கிடைத்தால் போதுமே என்று சிலர் சொன்னார்கள். அதற்கும் ஒரு அனுபவம் இருக்கு. உத்தரப் பிரதேசத்தில் ஜான்பூர் மாவட்டத்தில் பிரதம் என்ற தொண்டு நிறுவனம் ஊர் இளைஞர்களைக் கொண்டு பள்ளி நேரத்துக்கு வெளியே வாசிப்பு முகாம் நடத்தியது. சம்பளம் இல்லை. முகாமுக்கு வந்த பிள்ளைகள் நன்றாகவே முன்னேறினார்கள். எழுத்தே தெரியாமல் வந்தவர்கள் எழுத்துப் படித்தார்கள். ஆனால் ஊரில் இருந்த பிள்ளைகளில் வந்தது நூற்றுக்கு எட்டுப் பேர்தான் என்று 2010-ல் வந்த ஆய்வு சொல்கிறது. சொல்லித் தருவது நன்றாக இருந்தும் மிச்சப் பேர் வரவேயில்லை. வீட்டுக்குப் போய்க் கூப்பிட, தினமும் கதவைத் திறந்து வைக்க, ஒரு ஆள் பொறுப்பாக இருக்க வேண்டும். பொறுப்புக்குக் கூலி உண்டு.

இப்போது நம்ம கணக்குக்கு வருவோம். சிலேட்டு எடுக்காமலே போடலாம்.

ஒரு மையம், 25 பிள்ளைகள். சொல்லித் தருகிறவருக்கு மாதம் 3,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்க. தினம் இரண்டு மணி நேரம், மாதம் 22 நாள், 44 மணி நேர வேலை. ஆயிரம் ரூபாய் கொடுத்தால் மணிக்கு 23 ரூபாய்கூட ஆகாது, அதனால்தான் 3,000. அடுத்தது சுண்டல். சிரிக்காதீங்க, அதுதான் வகுப்பைப் பிடித்து வைக்கும். ஒரு பிள்ளைக்கு 30 கிராம் கடலை என்றால் நாளைக்கு முக்கால் கிலோ. கிலோ 100 ரூபாய் என்று வைத்தால் 75 ரூபாய். 22 நாளைக்கு 1,650. தாளிக்க, அடுப்பு எரிக்க எல்லாம் சேர்த்து 2,000. நோட்டு, சாக்பீஸ், லைட் செலவு 500. மொத்தம் 5,500. வருடத்தில் பத்து மாதம் நடத்தினால் 55,000 ரூபாய்.

வரவு? ஒரு மையத்தைச் சுற்றி 12 சங்கங்கள், சங்கத்துக்கு 15 பேர் என்றால் 180 பேர். ஆளுக்கு மாதம் 10 ரூபாய் கொடுத்தால் 1,800. பிள்ளை அனுப்புகிற வீட்டில் பிள்ளைக்கு 50 ரூபாய் என்றால் 1,250. இரண்டும் சேர்ந்தால் 3,050.

இந்த 3,050-ஐப் பாருங்க. சொல்லித் தருகிறவருடைய சம்பளத்துக்குச் சரியாக இருக்கு. போன தடவை நாம் செய்த தப்பு இதுதான்: ஆள் சம்பளத்துக்கு வெளிக்காசை நம்பினோம். இனிமேல் ஆளுக்குச் சம்பளம் நம்ம காசு. சுண்டலுக்கும் நோட்டுக்கும் வெளியே கேட்போம். வெளிக்காசு ஒரு வருடம் வராமல் போனால் பிள்ளைகளுக்குச் சுண்டல் இருக்காது, வருத்தம்தான், ஆனால் வகுப்பு நடக்கும்.

பிள்ளை இல்லாதவர்கள், பிள்ளைகள் வளர்ந்துவிட்டவர்கள் நாங்கள் ஏன் பத்து ரூபாய் கொடுக்க வேண்டும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. எங்கள் குழுவிலேயே ஒருவர் கேட்டார். கட்டாயம் இல்லை. ஆனால் 1989-க்குப் பிறகு இந்தப் புதுச்சேரியில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, ராத்திரி விளக்கு வைத்து நம்ம அம்மாக்களுக்கும் மாமியார்களுக்கும் கையெழுத்துப் போடச் சொல்லிக் கொடுத்தவர்கள் யாரோ வீட்டுப் பிள்ளைகள். அவர்கள் காசு வாங்கவில்லை. இன்றைக்கு நம்ம சங்கத்துத் தீர்மானப் புத்தகத்தில் சில கைநாட்டு இல்லாமல் கையெழுத்தாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

50 ரூபாய் கொடுக்க முடியாத வீடு இருக்கும். அந்தப் பிள்ளைக்கு அந்தச் சங்கமே கட்டட்டும், யாருக்காகக் கட்டினோம் என்பது ஊக்குநருக்கு மட்டும் தெரிந்தால் போதும். வகுப்பில் பேர் படிக்கக் கூடாது.

சங்கத்து சேமிப்பிலிருந்தோ, சுழல் நிதியிலிருந்தோ, அரசு கொடுத்த சமுதாய முதலீட்டு நிதியிலிருந்தோ ஒரு பைசா இதற்கு எடுக்கக் கூடாது. அது திரும்பி வர வேண்டிய பணம். படிப்பு மையத்துக்குப் போன பணம் வட்டியோடு திரும்பி வராது. மையத்துக்குத் தனிப் புத்தகம், தனி வங்கிக் கணக்கு. இதில் எங்களுக்குள் வாக்குவாதம் நடந்தது. "கொஞ்ச நாளைக்கு எடுத்து வச்சிட்டு அப்புறம் போடலாமே" என்று ஒருவர் சொன்னார். வேண்டாம் என்று முடிவு செய்தோம்.

மிச்சம் 24,500 ரூபாய்க்கு எங்கே போவது? 2013 கம்பெனிகள் சட்டத்தின்படி ஒரு அளவுக்கு மேல் லாபமோ சொத்தோ வியாபாரமோ உள்ள கம்பெனிகள், மூன்று வருடச் சராசரி லாபத்தில் நூற்றுக்கு இரண்டு ரூபாயைச் சமூக வேலைக்குச் செலவிட வேண்டும். கல்வியும் அதில் வருது. சேதராப்பட்டு, மேட்டுப்பாளையம், திருபுவனை என்று நம்மைச் சுற்றித் தொழிற்பேட்டைகள் இருக்கு. ஆனால் 2021 ஏப்ரல் முதல், அந்தப் பணத்தை வாங்கி வேலை செய்கிற அமைப்பு மத்திய அரசிடம் 'சி.எஸ்.ஆர்.-1' என்ற படிவத்தில் பதிந்திருக்க வேண்டும். நம்ம கூட்டமைப்பு இன்னும் பதியவில்லை. பதிகிற வரைக்கும், பதிந்திருக்கிற நல்ல தொண்டு நிறுவனத்தோடு சேர்ந்துதான் கேட்க முடியும். அவர்கள் நிர்வாகச் செலவுக்கு எவ்வளவு பிடிப்பார்கள் என்பதை முதலிலேயே எழுதி வாங்க வேண்டும்.

எம்.பி. நிதியில் கேட்கலாமே என்கிறீர்களா? கேட்கலாம், கட்டடம், பெஞ்சு போல நிலையான சொத்துக்கு. மாதாமாதம் சம்பளம் கொடுக்க அதில் விதி இடம் தராது. நமக்கோ கட்டடம் தேவையில்லை. சாயங்காலம் பூட்டிக் கிடக்கிற அரசுப் பள்ளி வகுப்பறை போதும். அதைக் கேட்க நமக்கு வழி இருக்கு. 2009 கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நாலில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், மொத்த உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்கள். நம்மில் எத்தனை பேர் அந்தக் குழுவில் இருக்கிறோம்? கை தூக்குங்க பார்ப்போம். கூட்டத்துக்குப் போனவர்கள் மட்டும் இறக்காதீங்க.

பஞ்சாயத்துத் தலைவரிடம் மனு கொடுக்கலாம் என்று வெளியூர்ப் புத்தகங்களில் எழுதியிருக்கும். நம்ம ஊர் கதை வேறு. 38 வருடம் கழித்து 2006-ல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது, 2011-ல் அவர்கள் பதவிக்காலம் முடிந்தது, அதற்குப் பிறகு வருடக்கணக்காகத் தேர்தல் நடத்தவில்லை. ஆகவே கொம்யூன் பஞ்சாயத்து ஆணையரிடமும் கல்வித்துறையிடமும்தான் நாம் நடக்க வேண்டியிருக்கு. பத்துப் பேராகப் போனால் நாற்காலி போடுவார்கள், தனியாகப் போனால் நாளைக்கு வா என்பார்கள். இது உங்களுக்கே தெரியும்.

பணம் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மையத்தில் என்ன நடக்க வேண்டும்? இங்கேதான் அம்மாக்களுக்கும் எங்களுக்கும் சண்டை. "ஹோம்ஒர்க்க முடிச்சு அனுப்புங்க, அது போதும்" என்பதுதான் எல்லோரும் கேட்பது. அதில் நியாயம் இருக்கு. நம்ம அரசுப் பள்ளிகள் எல்லாம் சி.பி.எஸ்.இ. பாடத்துக்கு மாறிவிட்டன. நாம் படித்த புத்தகம் வேறு, பிள்ளை கொண்டு வருகிற புத்தகம் வேறு. பக்கத்து வீட்டு அக்கா வைத்திருந்த பழைய தமிழ்நாட்டுப் புத்தகமும் உதவாது. திறந்து பார்த்தால் பயமாகத்தான் இருக்கு.

ஆனால் ஹோம்ஒர்க் மட்டும் என்றால் என்ன ஆகும்? போர்டில் எழுதிப் போடுவார்கள், பிள்ளை பார்த்து எழுதும், நோட்டு நிரம்பும். படிக்கத் தெரியாது. எங்கள் மையத்தில் அழகான கையெழுத்தில் பக்கம் பக்கமாக எழுதிய ஒரு பெண் பிள்ளையிடம் அவள் எழுதியதையே படிக்கச் சொன்னோம். தலையைக் குனிந்துகொண்டாள். அன்றைக்குத்தான் எங்களுக்கு உறைத்தது.

ஆகவே ஒரு உடன்பாடு. முதல் அரை மணி ஹோம்ஒர்க். அடுத்த முக்கால் மணி, வகுப்பு பார்க்காமல், தெரிந்த அளவு பார்த்துப் பிரித்து உட்கார வைத்து வாசிப்பும் கணக்கும். ஐந்தாம் வகுப்புப் பையனுக்கு எழுத்துத் தெரியாவிட்டால் எழுத்துக் கூட்டத்தில்தான் உட்கார வேண்டும். அவனைக் கேலி செய்யாமல் பார்த்துக்கொள்வது சொல்லித் தருகிறவர் சாமர்த்தியம். பிறகு சுண்டல், விளையாட்டு, கதை. புதுவை அறிவியல் இயக்கமும் தமிழ்நாடு அறிவியல் இயக்கமும் 1987-லிருந்து கொண்டு வருகிற 'துளிர்' பத்திரிகை போல ஏதாவது கையில் கொடுத்தால் பிள்ளைகள் தாமாகவே புரட்டும்.

பிரித்து உட்கார வைக்க யார் பரீட்சை வைப்பது? நாம்தான். பிரதம் நிறுவனம் 2005-லிருந்து நாடு முழுக்க 'அசர்' என்ற பேரில் வீட்டுக்கு வீடு செய்கிற சோதனை ரொம்ப எளிமையானது. எழுத்து, சொல், நாலு வரிப் பத்தி, சின்னக் கதை என்று நாலு அட்டை. கணக்குக்கு எண் அடையாளம், கடன் வாங்கிக் கழித்தல், வகுத்தல். ஒரு பிள்ளைக்குப் பத்து நிமிடம். படிக்கத் தெரிந்த எந்த உறுப்பினரும் வைக்கலாம். ஜூன் மாதம் ஒரு தடவை, தீபாவளிக்குப் பிறகு ஒரு தடவை, முழுப் பரீட்சைக்கு முன்னால் ஒரு தடவை. எத்தனை பிள்ளை எந்த அட்டையில் இருக்கு என்று பேரேட்டில் எழுத வேண்டும். உதவி கொடுப்பவருக்கும் அதே பக்கத்தைத்தான் காட்ட வேண்டும். பதினெட்டுப் பிள்ளை வந்தால் பதினெட்டு.

சொல்லித் தருகிறவருக்கும் பயிற்சி வேண்டும். பன்னிரண்டாவது முடித்த பெண் தனக்குச் சொல்லிக் கொடுத்த மாதிரியேதான் சொல்லிக் கொடுப்பாள், அதட்டி, மனப்பாடம் செய்ய வைத்து. அவள் மேல் தப்பில்லை. மாதம் ஒரு சனிக்கிழமை எல்லா மையத்துப் பெண்களும் ஒன்றாக உட்கார்ந்து பேச வேண்டும். ரிட்டையர்டு ஆசிரியர்கள் லாஸ்பேட்டை, முத்தியால்பேட்டை பக்கம் நிறையப் பேர் இருக்கிறார்கள். மரியாதையாகக் கூப்பிட்டால் வருவார்கள், காபி கொடுத்தால் போதும்.

பாதுகாப்பைப் பற்றி ஒரே வார்த்தை. எந்த நேரமும் பெரியவர்கள் இரண்டு பேர் இருக்க வேண்டும், கதவு மூடக் கூடாது, பெண் பிள்ளைகளை இருட்டில் தனியாக அனுப்பக் கூடாது. சங்கத்துக்கு ஒருவர் முறை வைத்து வந்து உட்கார்ந்தால் இது நடக்கும். முறைக்கு வருகிறவருக்கும் அன்றைக்குச் சுண்டல் உண்டு. ஏதாவது சந்தேகம் என்றால் 1098-க்குப் போன் செய்யுங்க, ஊர் மானம் போகும் என்று மூடி வைக்காதீங்க.

நேரம் ஆகிவிட்டது, சாப்பாடு வாசனை வருது. நாங்கள் கேட்பது இவ்வளவுதான். அடுத்த மாதக் கூட்டத்துக்குள் ஒவ்வொரு சங்கமும் இதைப் பேசி, பத்து ரூபாய் கொடுக்கச் சம்மதமா இல்லையா என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொண்டு வாருங்க. சம்மதம் இல்லை என்றாலும் அதையே எழுதுங்க, கோபித்துக்கொள்ள மாட்டோம். உங்கள் தெருவில் ஒன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை எத்தனை பிள்ளைகள், சாயங்காலம் வீட்டில் பெரியவர் இல்லாத பிள்ளைகள் எத்தனை என்று எண்ணி அதையும் எழுதி வாருங்க. நாலு அட்டை தயாராக இருக்கு, போகும்போது ஊக்குநர்கள் ஒரு செட் வாங்கிக்கொண்டு போங்க. முதலில் உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு வைத்துப் பாருங்க.

அன்றைக்குக் கேள்வி கேட்ட அந்தச் சகோதரியும் பின் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். முதல் மையத்தின் கணக்குப் புத்தகத்தை அவர் பார்த்துக்கொள்ளச் சம்மதித்திருக்கிறார்.